ஆம்பியன்ட் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

எழுத்தெண்ணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவன். பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் பாட்டின் சொற்கள் பக்கத்திலுள்ள சொற்களோடு மோதுகின்றன. சரணம் முடிவதற்குள் இரண்டு சந்திப்பிழைகளாவது கண்ணுக்குத் தப்பிவிடும். கர்நாடக இசையிலும் அதே தொல்லைதான். அம்மா பாடக்கூடியவர் என்பதால், என்ன ராகம் என்று பிடிபடும்வரை என் மனம் வேலைக்குத் திரும்புவதில்லை. சொற்களும் இல்லாத, கண்டுபிடிக்க ராகமும் இல்லாத இசை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்போய்த்தான் ஆம்பியன்ட் என்ற சொல்லை அறிந்தேன்.

முதலில் ஒரு செயலியில் ‘கவனம் குவிய’ என்ற தலைப்பிலிருந்த பட்டியலைப் போட்டேன். எல்லாம் இரண்டு நிமிடத் துண்டுகள். யார் செய்தது என்று பார்த்தால் கேள்விப்படாத பெயர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு, எல்லோரும் சொல்கிறார்களே என்று பிரிட்டிஷ் இசையாளர் பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தை விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். முதல் பகுதி கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதே பியானோ வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். எதுவும் நடக்காமலே முடிந்துபோனது.

என் கேள்வி இதுதான். இது வேலைக்குப் பின்னணியாக ஓடவேண்டிய இசையா, அல்லது உட்கார்ந்து கேட்க வேண்டிய இசையா? உட்கார்ந்து கேட்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் கேட்கவேண்டிய இரண்டு மூன்று ஆல்பங்களைச் சொன்னால் போதும். தியானம், தூக்கம், மன அமைதி என்று விற்கப்படுபவை வேண்டாம்.

தறிவீதி எழுதியது:

நீங்கள் தொடங்கிய ஆல்பம் சரி, பகுதிதான் தவறு. அந்த 1978ஆம் ஆண்டு ஆல்பத்தில் இரண்டாவதாக வருகிற, ‘2/1’ என்று எண்ணால் மட்டுமே பெயரிடப்பட்ட பகுதியைக் கேளுங்கள். அதில் கேட்பது பெரும்பாலும் குரல்கள்தான். ஒற்றைச் சுரங்களை ‘ஆ’ என்று நீட்டிப் பாடியதைத் தனித்தனி டேப் லூப்களாக, அதாவது முனைகளை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் ஒலிநாடாத் துண்டுகளாக, வெட்டி ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார். ஒரு லூப் இருபத்துமூன்றரை வினாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 26 வினாடி. வேறொன்றுக்கு 30 வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு குரலும் மாறாமல் தன்னையே திருப்பிச் சொல்கிறது, ஆனால் அவை சந்திக்கும் விதம் ஒருமுறை போல் மறுமுறை இருப்பதில்லை. இரண்டு குரல்கள் உரசிக்கொள்ளும் கணமும், எல்லாம் ஒதுங்கி வெறும் அமைதி மட்டும் நிற்கும் கணமும் எப்போது வருமென்று செய்தவருக்கே முன்கூட்டித் தெரியாது. எனவே நீங்கள் கவனிக்கவேண்டியது மெட்டை அல்ல, இடைவெளிகளை.

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்கு இருபுறமும் தறிக்கூடங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதுபோலத் தோன்றும்; ஆனால் படுத்துக்கொண்டு கேட்டால் ஒரு தறியின் அடி மற்றதன் அடியிலிருந்து மெல்ல மெல்ல விலகி, நடுவில் மூன்றாவதாக ஒரு தாளம் பிறந்து, பிறகு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடும். ஸ்டீவ் ரைக் 1965இல் செய்த ‘இட்ஸ் கோனா ரெயின்’ இதே காரியம்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஒரு சதுக்கத்தில் தெருப் பிரசங்கியார் ஒருவர் பேசியதைப் பதிவுசெய்து, அதிலிருந்து சில சொற்களை வெட்டி, ஒரே துண்டை இரண்டு டேப் கருவிகளில் ஓடவிட்டார். கருவிகளின் வேகத்தில் இருந்த நூலிழை வேறுபாட்டால் அவை விலகத் தொடங்கின. ஈனோ தமக்கு வழிகாட்டிய படைப்பாகக் குறிப்பிடுவது இதைத்தான். வேலை செய்துகொண்டு கேட்க ஏற்றதல்ல. தலைவலி வந்தாலும் வரும்.

பின்னணியா, உட்கார்ந்து கேட்பதா என்பதற்கு ஈனோவின் பதில், இரண்டுக்கும் இடங்கொடுக்க வேண்டும் என்பது. கவனிக்காமல் விடவும் முடியவேண்டும், கவனித்தால் சுவையாகவும் இருக்கவேண்டும் என்று அந்த ஆல்பத்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். அந்த எண்ணம் அவருக்கு ஏற்பட்ட கதை பலருக்குத் தெரிந்ததே. 1975 தொடக்கத்தில் டாக்சி மோதிப் படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்த தோழி ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிரமப்பட்டு அதைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான், ஒலி மிகவும் குறைவாக இருப்பதும் ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாததும் தெரிந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை, மழைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹார்ப். அந்த ஆண்டே வந்த ‘டிஸ்கிரீட் மியூசிக்’ ஆல்பத்தின் முதல் பக்கம் அரைமணி நேரம் ஓடும். நீங்கள் முதலில் அதைக் கேட்டிருக்கவேண்டும் என்பது என் கருத்து. ஒலியை வழக்கத்தைவிடக் குறைத்து, மின்விசிறிச் சத்தத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குறிப்பு எழுதியது:

தறிவீதி நண்பர் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆம்பியன்ட் என்றதும் எல்லோரும் ஈனோவின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய இசையைவிட அவர் அதற்குச் சொல்லும் விளக்கம் சுவையானது என்பது என் நெடுநாள் எண்ணம்.

உங்களுக்கு நான் சொல்வது ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’. 1982இல் வந்தது. டோக்கியோவிலிருந்த ஹாரா நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒலிக்கவேண்டும் என்ற விருப்பத்தோடு, ஒரு மின்பியானோவையும் கீபோர்டையும் தவிர வேறெதுவும் இல்லாமல் செய்தார். அந்த அருங்காட்சியகம் 2021 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. இசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு வாக்கியம் போன்றது. அந்த வாக்கியத்தைச் சொல்வார், கொஞ்சம் காத்திருப்பார், ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி சொல்வார். ‘பிளிங்க்’ என்ற துண்டில், விரல் சாவியை விட்ட பிறகு சுரம் அடங்கிப்போவதை அவர் எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறார் என்பதைக் கேட்டுப் பாருங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு நிறுத்தக்குறிகளின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

ஜப்பானில் இதற்குக் ‘காங்க்யோ ஓங்காகு’ என்று பெயர். சூழல் இசை என்று பொருள். எண்பதுகளில் அங்கே பணம் புழங்கிய காலம் என்பதால் கட்டடங்களும் கம்பெனிகளுமே இப்படிப்பட்ட இசையைச் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தன. யோஷிமுராவே ஒரு அழகுசாதன நிறுவனத்துக்கு ஆல்பம் செய்திருக்கிறார். தகாஷி கொகுபோவின் 1987ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்று சான்யோ ஏசிகளின் விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டது. நம் ஊரில் ஏசி வாங்கினால் ஸ்டெபிலைசர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இவற்றில் பல ஜப்பானுக்கு வெளியே முப்பது ஆண்டுகள் கிடைக்காமலே இருந்தன. 2019இல் ‘லைட் இன் தி அட்டிக்’ நிறுவனம் ‘காங்க்யோ ஓங்காகு’ என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு வெளியிட்டது. யாரைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

உங்கள் காது தாளம் பழகிய காதாக இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மிதோரி தகாதாவின் ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’, 1983. மரிம்பா, மணிகள், சேகண்டி போன்ற தட்டுக் கருவிகள். எல்லாவற்றையும் அவர் ஒருவரே வாசித்து, அடுக்கடுக்காகப் பதிவுசெய்து, இரண்டே நாளில் முடித்த ஆல்பம். ஏதோ நடக்கவேண்டும் என்று காத்திருந்ததாக எழுதியிருந்தீர்களே, கடைசித் துண்டில் அது நடக்கிறது. எது என்று சொல்லமாட்டேன்.

கடைசிவரிசை எழுதியது:

எல்லோரும் இவ்வளவு பணிவோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இவற்றில் பாதியையாவது கேட்டிருக்கிறேன். ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரொலியைக் கூட்டிவிட்டால் இப்படிப்பட்ட ஆல்பத்தை என் அண்ணன் மகன் செல்பேசியிலேயே மாலைக்குள் செய்துவிடுவான். டாக்சி மோதியது, அருங்காட்சியகம் மூடியது என்று பக்கத்திலேயே ஒரு கதையும் வைத்துக்கொண்டுதான் இந்த இசையைக் கேட்க முடிகிறது என்றால், நாம் கேட்பது இசையையா, கதையையா?

தறிவீதி எழுதியது:

கடைசிவரிசை நண்பருக்கு: கதையைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். வில்லியம் பாசின்ஸ்கியின் ‘டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்’ நல்ல எடுத்துக்காட்டு. எண்பதுகளில் செய்த டேப் லூப்களை 2001இல் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தபோது, டேப்பின்மேல் பூசப்பட்டிருந்த இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்து உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, ஓடவிட்டுப் பதிவுசெய்தார். முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஒரு சிறிய ஊதுகருவி வரி. பத்தாவது நிமிடத்தில் மாற்றமே தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில் சுரங்களுக்கு நடுவே ஓட்டைகள் விழுந்திருக்கும். கடைசியில் மூச்சுப் போன்ற மிச்சம் மட்டும். செல்லரித்த ஏடு ஒன்று நம் கண்ணெதிரே அரிபடுவதுபோல. இதைச் செல்பேசியில் ஒரு விளைவாகச் சேர்க்கலாம்தான், ஆனால் எந்தச் சுரம் எப்போது உதிரும் என்பதை இங்கே டேப்தான் முடிவுசெய்தது.

அந்த வேலை முடிந்த சமயத்தில்தான் செப்டம்பர் 11 வந்தது. புரூக்ளினில் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அன்று மாலைப் புகையைப் படம்பிடித்தார். அதிலிருந்து எடுத்த படங்களே ஆல்பத்தின் உறைகளாயின. அதன்பிறகு அந்த இசையைப் பற்றி எழுதுகிற எவரும் கோபுரங்களைப் பற்றி எழுதாமல் இருந்ததில்லை. நான் முதலில் கேட்டபோது எனக்கு இது எதுவுமே தெரியாது, ஒரு நண்பர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அப்படிக் கேட்டதே நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். எழுத்தெண்ணி, உங்களுக்கு அந்த வாய்ப்பை நான் இந்தப் பதிவிலேயே கெடுத்துவிட்டேன், வருந்துகிறேன்.

நாலாந்தந்தி எழுதியது:

முப்பது ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்த இசைக்கு என்னை அழைத்துவந்தவர்கள் என் மாணவர்கள். எழுத்தெண்ணித் தம்பிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். எந்த ஆல்பத்தையும் வாங்குவதற்கு முன், உங்கள் அம்மாவிடம் தம்புரா இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுருதிப்பெட்டி வேண்டாம், தம்புரா. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற வரிசையில் நிதானமாக மீட்டிக்கொண்டிருக்கட்டும். தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் சரியான இடத்தில் இருந்தால், மந்தரத் தந்தி அதிர்ந்து அடங்கும் நேரத்தில், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதிலிருந்து எழும்பும். சுயம்பு காந்தாரம் என்று சொல்வார்கள். முதல் நாள் கேட்காது. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்கமுடியாது.

அந்தக் காந்தாரத்தைக் கேட்கக் கற்ற காதுக்கு எலியான் ரதீக் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் இசை சிரமமே தராது. 1932இல் பிறந்தவர். ஏஆர்பி 2500 என்ற சின்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவியை, அமெரிக்காவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோனபோது, மெட்டு வாசிக்கும் ஆசை வந்துவிடக்கூடாது என்று அதன் கீபோர்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். இரண்டு சுரங்களை மிக மிக நெருக்கமாக வைத்து, அவற்றுக்கிடையே உண்டாகும் அதிர்வையும் அதிலிருந்து கிளம்பும் மேற்சுரங்களையும் அசைத்தபடியே ஒரு மணி நேரம் கொண்டுபோவார். எழுபதுகளில் திபெத்திய பௌத்தத்தைத் தழுவினார். ‘டிரிலோஜி த லா மோர்’ என்ற மூன்று பகுதிப் படைப்பில் முதலாவதான ‘கியேமா’, இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலைகளைப் பற்றிய திபெத்திய நூலை ஒட்டியது. ஒரே சத்தம்தானே என்று பத்து நிமிடம் தோன்றும். பிறகு திடீரென்று, இது பத்து நிமிடத்துக்கு முன்பிருந்த சத்தமே அல்ல என்பது உறைக்கும். எப்போது மாறியது என்று சொல்லத் தெரியாது. எங்கள் தெருவில் ஆடிக்காற்று மாறுவது இப்படித்தான்.

தம்புராவை எடுத்ததற்காக, இதெல்லாம் நம்மிடமிருந்து போனது என்று மார்தட்டுவதாக யாரும் நினைக்கவேண்டாம். தொடர்பு உண்டு, அதை அளவோடு சொல்லவேண்டும். கிரானா கரானா என்ற இந்துஸ்தானிப் பாட்டு மரபைச் சேர்ந்த பண்டிட் பிராண்நாத் 1970இல் நியூயார்க் சென்றார். லா மான்ட் யங், மரியன் ஜசீலா, டெர்ரி ரைலி என்ற அமெரிக்கக் கலைஞர்கள் மூவரும் அவரிடம் சீடர்களாக இருந்து முறையாகக் கற்றார்கள். ஆனால் யங் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீண்ட சுரங்களில் இறங்கிவிட்டார். பிராண்நாத்திடம் வந்தபிறகு தொடங்கியதல்ல அது.

நம் நாட்டிலேயே நடந்ததும் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1969இல் அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சின்தசைசரை வைத்து மின்னிசைக் கூடம் அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர் உட்படச் சிலர் அங்கே பதிவுசெய்த டேப்கள் காப்பகத்தில் கிடந்து, 2023இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தன. எல்லாமே சிறந்தவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில், புதிய கருவி எதையெல்லாம் செய்யும் என்று திருகிப்பார்க்கும் ஆவலே அதிகம். ஆனாலும் அந்த ஆவலில் ஒரு துணிச்சல் கேட்கிறது. கீதா சாராபாய்தான் நாற்பதுகளில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர்.

பற்றாசு எழுதியது:

ஆல்பங்களை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஒலிக்கருவி பழுதுபார்ப்பவன் என்பதால் கருவியைப் பற்றிச் சில சொற்கள். இந்த இசையில் மிகமெல்லிய ஒலிகளுக்குத்தான் முழு மதிப்பு, ஆகவே இலவசக் கணக்கில் தரத்தைக் குறைத்து அனுப்பும் செயலியில் கேட்டால் சுரம் அடங்கும் வால்பகுதி சொரசொரப்பாகிவிடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே விளம்பரம் வந்தால் அதைவிடக் கேடு. அமைப்புகளில் ஒலியைத் தானாகச் சமப்படுத்தும் வசதியையும் பேஸ் கூட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ரதீக்கை ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் கேளுங்கள். அறைக்குள் நடந்தால் இடத்துக்கு இடம் சுரம் மாறுவது தெரியும். யோஷிமுராவுக்கு மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கரே போதும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக்கடையில் வாங்கலாம். சுருக்காத கோப்பாகவே இறக்கிக்கொள்ள முடியும். 2020 மார்ச்சிலிருந்து சில மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பணத்தைக் கலைஞர்களுக்கே அனுப்புகிறது. அவசரம் இல்லையென்றால் அந்த நாளுக்குக் காத்திருங்கள்.

ஒரு ஆல்பம் சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்க இசையாளர் பாலின் ஒலிவேரோஸும் இரு தோழர்களும் 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய கோட்டைக்கு அடியிலிருந்த காலியான நீர்த்தொட்டிக்குள் இறங்கிப் பதிவுசெய்த ‘டீப் லிசனிங்’. தொட்டியின் கொள்ளளவு 20 லட்சம் காலன். ஒரு சுரம் அடங்க 45 வினாடி ஆகும். முக்கியமாக அக்கார்டியனும் டிராம்போனும் குரலும். மின்கருவி ஒன்றும் இல்லை. சிறுவயதில் வறண்ட கிணற்றுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு விளையாடியவர்களுக்கு உடனே புரியும், என்ன, அவர்கள் பதிலுக்கு நாற்பது வினாடிக்கு மேல் காத்திருந்து, அந்தப் பதிலோடு சேர்ந்து அடுத்ததை வாசித்தார்கள்.

எழுத்தெண்ணி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருளவும். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

‘2/1’ஐ மறுபடி கேட்டேன். இடைவெளிகளைக் கவனிக்கச் சொன்னது பலித்தது; எல்லாக் குரலும் ஒதுங்கியபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் சரியாக அந்த இடத்தில் விழுந்தது, அதுவும் சுரத்தோடு ஒட்டியே இருந்ததாகத் தோன்றியது. முதல் பகுதியான ‘1/1’ இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. மிதோரி தகாதாவின் கடைசித் துண்டில் நடப்பது நடந்தது. மழைக்குறிப்பு சொல்லாமல் விட்டதற்கு நன்றி. பாசின்ஸ்கியை நாற்பது நிமிடத்தோடு நிறுத்திவிட்டேன். நன்றாக இல்லை என்பதால் அல்ல, அன்றைக்கு மனம் தாங்கவில்லை.

யோஷிமுரா ஒரு சிக்கலைக் கொண்டுவந்துவிட்டார். வேலை செய்துகொண்டே கேட்க ஏற்றது என்று போட்டேன். ‘பிளிங்க்’ ஓடும்போது ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை என் பேனாவும் நின்றுவிடுகிறது. ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் ஒற்று மிகாமல் போய், பதிப்பாளர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். ஆகவே அதை வேலைநேரத்திலிருந்து விலக்கி இரவுக்கு மாற்றியிருக்கிறேன். பின்னணி இசையைத் தேடிவந்த எனக்கு இன்னும் பின்னணி இசை கிடைக்கவில்லை.

நாலாந்தந்தி அம்மாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுத் தம்புரா பரணில் இருந்தது. தந்தி மாற்றவேண்டியிருந்ததால் இன்னும் மீட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் அவசரப்பட்டு நேற்றிரவு ‘கியேமா’வை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து அம்மா வந்து கதவைத் தட்டி, சுருதிப்பெட்டியை அணைக்காமல் தூங்கிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, இது பிரான்சிலிருந்து வந்தது என்றேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றவர், ஷட்ஜம் சற்று இறங்கியிருக்கிறதே என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.